ரவுட்டர் பெட்டியில் இருக்கும் எண்ணும் வீட்டில் கிடைக்கும் வேகமும்

நான் முன்பு வைத்திருந்த ரவுட்டரின் பெட்டியில் கொட்டை எழுத்தில் 1200 என்று போட்டிருந்தது. நொடிக்கு 1200 மெகாபிட் என்று அர்த்தம். நான் எடுத்திருந்ததோ 300 மெகாபிட் இணைப்பு. நான்கு மடங்கு வசதி இருக்கிறது, இனி என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன். வேகத்தைச் சோதித்தால் 94 வந்தது. மறுநாள் 93. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே போனை வைத்துப் பார்த்தாலும் 94தான். இணைப்புத் தருபவர்களோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் தப்பு அவர்கள் மேல் இல்லை.

ரவுட்டரின் முதுகில் கேபிள் செருகும் துளைகள் இருக்கின்றனவே, அவைதான் காரணம். அந்த மாடலில் எல்லாமே 100 மெகாபிட் போர்ட்கள். தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, சரிபார்ப்பு என்று கூடவே போகும் தகவல்களைக் கழித்தால் அதில் உருப்படியாகக் கிடைப்பது 94 அல்லது 95. வைஃபை 1200ல் பறந்தாலும் வாசல் 100க்குத்தான் திறக்கும். உங்கள் வீட்டிலும் எப்போது சோதித்தாலும் 94ஐ ஒட்டியே எண் நின்றால் முதலில் போர்ட்டைச் சந்தேகப்படுங்கள். போர்ட் 1000 மெகாபிட்டாக இருந்தும் இப்படி வருகிறதென்றால் கேபிளைப் பாருங்கள். 1000க்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும்.

ஆகவே புது ரவுட்டர் பார்க்கத் தொடங்கும் முன் மூன்று இடங்களில் அளந்துவிடுங்கள். லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து ஒரு முறை. ரவுட்டர் இருக்கும் அறையில் வைஃபையில் ஒரு முறை. தகராறு செய்யும் அறையில் ஒரு முறை. கேபிளிலேயே வேகம் இல்லையென்றால் வைஃபையில் கை வைத்துப் பயனில்லை. இணைப்பையோ போர்ட்டையோ பார்க்க வேண்டும். கேபிளில் நன்றாக வந்து, பக்கத்து வைஃபையில் மோசமென்றால் ரவுட்டர் பழசு, அல்லது சுற்றிலும் நெரிசல். பக்கத்தில் நன்றாக வந்து தூரத்து அறையில் மட்டும் இழுக்கிறதென்றால் சிக்கல் சுவரிலும் ரவுட்டர் வைத்திருக்கும் இடத்திலும் இருக்கிறது. இந்த மூன்றாவது வகைதான் அதிகம். அதற்குப் பெரிய எண் போட்ட ரவுட்டர் மருந்தல்ல.

சரி, அந்த 1200 எங்கிருந்து வந்தது? ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. முதலாவதில் அதிகபட்சம் 300, இரண்டாவதில் 867. கூட்டினால் 1167. அதை அழகாக 1200 ஆக்கிவிடுவார்கள். ஆனால் உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஓர் அலைவரிசையில்தான் இருக்கும். இரண்டு சாலைகளின் வேக வரம்பையும் கூட்டி வண்டியின் வேகம் என்று சொல்வது போன்ற கணக்கு இது. அடுத்த தலைமுறையான வைஃபை 6 ரவுட்டர்களிலும் இதே கதைதான். 1800 என்பது 574ம் 1201ம். 3000 என்பது 574ம் 2402ம்.

அந்த 867ம் முழுதாக வராது. அது ரேடியோ ஒரு கணத்தில் பேசும் வேகம். வைஃபையில் ஒரே சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரே துண்டில், ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியாது. ஒருவர் பேசி முடித்து, சிறிது இடைவெளி விட்டு, எதிராளி ‘கிடைத்தது’ என்று சொல்லி, பிறகு அடுத்தவர் பேச வேண்டும். இந்த மரியாதைகளிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஒரே அறையில், இடையூறு ஏதும் இல்லாமல், அதில் ஐம்பது அறுபது சதவீதம் கிடைத்தால் அது நல்ல ரவுட்டர்.

1800க்கும் 3000க்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். 2402 என்ற வேகத்துக்கு 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் வேண்டும். 1201க்கு 80 போதும். உங்கள் போன் 80 மட்டுமே அறிந்ததென்றால், அதன் கண்ணுக்கு இரண்டு ரவுட்டரும் ஒன்றுதான். மேலும் பெரும்பாலான நாடுகளில் 5 கிகாஹெர்ட்ஸில் 160 அகலம் வேண்டுமென்றால் வானிலை ரேடார், ராணுவ ரேடார் போன்றவை பயன்படுத்தும் பகுதிக்குள் நுழைந்தாக வேண்டும். அங்கே ரவுட்டர் விருந்தாளி மட்டுமே. குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கலாம். ரேடார் சத்தம் கேட்டால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். விமான நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ அருகில் இருப்பவர்கள் வைஃபை அடிக்கடி ஒரு நிமிடம் காணாமல் போவதாகச் சொன்னால் இதையும் சந்தேகிக்கலாம்.

தலைமுறைகளைப் பற்றி. வைஃபையின் முதல் தரநிலை 1997ல் வந்தபோது வேகம் நொடிக்கு 2 மெகாபிட். அப்புறம் 802.11பி, ஜி, என், ஏசி என்று எழுத்துகள் வரிசையில்லாமல் சேர்ந்துகொண்டே போயின. எது புதியது என்று வாங்குபவருக்குத் தெரியாது. 2018ல்தான் வைஃபை அலையன்ஸ் அமைப்பு இவற்றுக்கு எண் கொடுத்தது. 2009ன் ‘என்’ வைஃபை 4 ஆனது, 2013ன் ‘ஏசி’ வைஃபை 5 ஆனது. வைஃபை 6க்கான சான்றளிப்பு 2019லும், வைஃபை 7க்கானது 2024 ஜனவரியிலும் தொடங்கின. நடுவில் 6ஈ என்று ஒன்று உண்டு. அது வைஃபை 6ஐயே 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குக் கொண்டுபோனது.

இவற்றில் வைஃபை 6 கொஞ்சம் வேறு மாதிரி. அதற்கு முந்தையவை எல்லாம் ஒருவரை எவ்வளவு வேகமாக ஓட வைக்கலாம் என்று யோசித்தன. இது, கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தது. ஏன் என்று புரிய, வைஃபையில் உண்மையில் பங்கு போடப்படுவது எது என்று பார்க்க வேண்டும். பங்கு போடப்படுவது நேரம்.

ஒரு சேனல் என்பது ஒரே ஒரு மைக் வைத்த கூட்டம். ஒருவர் பேசும்போது மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வேகமாகப் பேசுபவர் சீக்கிரம் முடித்து மைக்கைக் கொடுத்துவிடுவார். திக்கித் திணறிப் பேசுபவர் முடிக்கும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். 10 மெகாபிட் தகவலை 500 வேகத்தில் பேசும் லேப்டாப் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் அனுப்பிவிடும். மூன்று சுவர் தாண்டி வெளிவாசலில் மாட்டிய கேமரா, சிக்னல் மெலிந்து 5 வேகத்தில் பேசினால் அதே தகவலுக்கு 2 நொடி எடுக்கும். நூறு மடங்கு. வீட்டில் ஒருவர் லேப்டாப்பில் ‘நெட் ஸ்லோவாக இருக்கிறது’ என்று புலம்ப, குற்றவாளி வெளியே சுவரில் தொங்கிக்கொண்டிருப்பது உண்டு. இதில் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்த்தி. அவருடைய ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் அவரும் அதே மைக்குக்குத்தான் வரிசையில் நிற்கிறார். பாஸ்வேர்டு வேறு என்பதால் காற்று வேறாகிவிடாது.

வைஃபை 6 இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒரு முறை பேசும் வாய்ப்பைப் பல துண்டாக்கி, ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குச் சின்னச் சின்னப் பொட்டலங்களை அனுப்பும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனி லாரி அனுப்பாமல் ஒரே லாரியில் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்புவது போல. ஆனால் கருவியும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் அதை அந்த லாரியில் ஏற்ற முடியும். வீட்டில் இருப்பதெல்லாம் ஐந்தாறு வருடம் பழைய கருவிகள் என்றால், புது ரவுட்டர் வந்த அன்று பெரிய மாற்றம் தெரியாது. போன்கள் மாற மாறத்தான் தெரியும்.

நேரம்தான் பங்கு போடப்படுகிறது என்று புரிந்தால், செலவில்லாத வழி ஒன்று தானாகவே தோன்றும். நகராத கருவிகளை, அதாவது டிவி, மேசைக் கணினி, விளையாட்டுப் பெட்டி ஆகியவற்றைக் கேபிளுக்கு மாற்றிவிடுங்கள். அவை விட்டுச் செல்லும் நேரம் முழுக்கப் போன்களுக்குக் கிடைக்கும். வயர்லெஸ் பற்றிய கட்டுரையில் வயரைச் சிபாரிசு செய்வது விசித்திரம்தான். ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் யோசனை வேறில்லை. ரவுட்டர் வாங்கும்போது பின்னால் எத்தனை போர்ட் இருக்கிறது, எல்லாமே 1000 மெகாபிட்டா என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான்.

சுவருக்கு வருவோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5ல் அது ஐந்தரை, ஆறு சென்டிமீட்டர். பொதுவாகச் சுவர்கள் குறுகிய அலையை அதிகம் உறிஞ்சும். அதனால் 5 வேகமாக இருந்தாலும் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவாக இருந்தாலும் நடந்து நடந்து கடைசி அறைவரை போய்விடும். ஆனால் 2.4ல் மொத்த இடமே சுமார் 83 மெகாஹெர்ட்ஸ்தான். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மூன்றே சேனல்கள், 1, 6, 11. அதற்குள்தான் எல்லா வீட்டு ரவுட்டரும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும். ரவுட்டர் 3ஐயோ 8ஐயோ தேர்ந்தெடுத்திருந்தால் அது புத்திசாலித்தனம் இல்லை. இரண்டு பக்கமும் இடைஞ்சல் கொடுத்து, இரண்டு பக்கமும் இடி வாங்கும்.

கான்கிரீட், அதற்குள் இருக்கும் கம்பி, இரும்பு பீரோ, மீன் தொட்டி, ஆளுயரக் கண்ணாடி எல்லாமே சிக்னலுக்கு எதிரிகள். கண்ணாடி ஏன் என்று கேட்கலாம். அதன் பின்னால் பூசியிருப்பது உலோகம். ரவுட்டரை அலமாரிக்குள் ஒளித்து வைப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிய சிக்னலை அலமாரிக்கே கொடுக்கிறார்கள். இணைப்பு வரும் மூலையிலேயே ரவுட்டரையும் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நீளமான ஒரு கேபிள் போட்டு அதை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஆள் உயரத்தில் வைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்குப் புது ரவுட்டர் வாங்கும் எண்ணமே அதோடு போய்விடும்.

ஆன்டெனாக்கள். எட்டுக் கொம்பு முளைத்த ரவுட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். போனில் வழக்கமாக இருப்பது இரண்டு ஆன்டெனா. ஆன்டெனா பெரிதானால் புதிதாகச் சக்தி பிறப்பதில்லை. உருண்டையான பலூனை மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் விரிவது போல, மேலும் கீழும் குறைந்து பக்கங்களில் கூடும். ஒரே தளத்துக்கு நல்லது, மாடி வீட்டுக்கு அவ்வளவு நல்லதல்ல. ‘நீண்ட தூரம்’ என்று விற்கும் மாடல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரவுட்டர் உரக்கக் கத்துவது போனுக்குக் கேட்கும், ஆனால் போனின் மெல்லிய குரல் ரவுட்டருக்குக் கேட்க வேண்டுமே. சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுவில் வைத்தும் ஒரு மூலை எட்டவில்லையென்றால் இரண்டாவது பெட்டி தேவை. மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும். எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். மெஷ் தொகுப்பில் பெட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும். சிலவற்றில் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோவே இருக்கும். அவற்றைக் கேபிளால் இணைத்துவிட்டால் அதைவிடச் சிறப்பு. எதுவானாலும் இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்துப்போன அறையில் வைப்பது பொதுவான தவறு. தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். நடந்துபோகும்போது எந்தப் பெட்டிக்கு மாறுவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது போன்தான். மெஷ் அதற்கு யோசனை சொல்லலாம், அவ்வளவே.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு கோளாறு மிஞ்சும். வேகச் சோதனையில் 200 வரும். ஆனால் வீட்டில் யாராவது புகைப்படங்களை மேலேற்றத் தொடங்கியதும் வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவர் உறைந்துபோவார். வரிசை நீண்டுவிடுவதுதான் காரணம். மேலேற்றும் பாதை பல இணைப்புகளில் குறுகலானது. அங்கே தேங்கும் பொட்டலங்களைக் கீழே போடாமல் மோடமும் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கும் பெட்டி) ரவுட்டரும் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். நீங்கள் பேசிய ஒரு சொல் அந்த மலைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். இதைப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் ‘பஃபர்ப்ளோட்’ என்றார். நினைவிடம் ஊதிப்போதல் என்று சொல்லலாம். 2012ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற தீர்வை வெளியிட்டார்கள். ஒரு பொட்டலம் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, நீளவிடாமல் முன்கூட்டியே சிலவற்றைக் கழித்துவிடும் முறை அது. ரவுட்டரின் அமைப்புகளில் இது ‘எஸ்க்யூஎம்’ என்ற பெயரில் இருக்கக்கூடும். இருந்தால் அதில் வேகத்தை, உண்மையில் கிடைப்பதைவிடப் பத்து சதவீதம் குறைத்து எழுதுங்கள். அப்போதுதான் வரிசை மோடத்தில் தேங்காமல், ரவுட்டரின் பிடியில் இருக்கும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், அழைப்பு உறையாது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இது வைஃபை 7ஐவிடப் பெரிய விஷயம் என்பது என் கட்சி. பெட்டியின் முன்பக்கத்தில் மட்டும் இதை யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.

பெட்டியில் போடாத இன்னொன்று, எத்தனை வருடம் மென்பொருள் அப்டேட் வரும் என்பது. ரவுட்டர் ஒரு சின்னக் கணினி. எப்போதும் இணையத்தைப் பார்த்தபடி, அணைக்கப்படாமல், யாரும் கவனிக்காமல் இருக்கும் கணினி. 2016ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் பெரும் தாக்குதல் படையாக்கியது. 2018ல் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு தீநிரல் 50க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது தெரியவந்து, ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தரப்படும் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மற்ற பல இடங்களில் நாம்தான் தேட வேண்டும். வாங்க நினைக்கும் மாடலின் பெயரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பாருங்கள். இரண்டு வருடமாக ஒன்றுமில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நகர்ந்துவிடுவேன். வைஃபையைப் பூட்டி வைக்கும் பாதுகாப்பு முறையின் புதிய வடிவமான டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். பழைய கருவிகளுக்காக அதை டபிள்யூபிஏ2வோடு கலந்து வைத்துக்கொள்ளலாம். பொத்தானை அமுக்கிப் பாஸ்வேர்டு இல்லாமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். கேமரா, விளக்கு போன்றவற்றை, மற்ற கருவிகளிலிருந்து பிரித்து வைக்கும் விருந்தினர் இணைப்பில் போட்டு வைப்பது நல்லது.

வைஃபை 7 வாங்கலாமா? அதன் உச்ச வேகத்துக்கான 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் 6 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே கிடைக்கும். அமெரிக்கா 2020ல் அந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் அதில் பாதிக்கும் குறைவாகத் திறந்தது. உங்கள் நாட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த வேகம். வைஃபை 7 என்று எழுதியிருந்தும் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே இல்லாத மாடல்களும் விற்பனையில் இருப்பதால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு கருவி ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளைப் பயன்படுத்தும் வசதி இதில் புதியது. மேலே சொன்ன இரண்டு சாலைக் கணக்கு இங்கேதான் முதன்முறையாகக் கொஞ்சம் உண்மையாகிறது. சுவரை ஒட்டிச் சுவராக வீடுகள் நெருங்கிய குடியிருப்பில் 6 கிகாஹெர்ட்ஸ் காலியான மைதானம். சுவர் தாண்டாது என்ற அதன் குறையே அங்கே வரம், பக்கத்து வீட்டாருடையதும் உள்ளே வராதே. 500 மெகாபிட்டுக்குள் இணைப்பு வைத்திருப்பவருக்கு நல்ல வைஃபை 6 போதும் என்பேன்.

இணைப்போடு நிறுவனமே ஒரு பெட்டி தந்திருந்தால், அதன் பின்னால் புது ரவுட்டரை அப்படியே செருகாதீர்கள். இரண்டும் முகவரி மாற்றும் வேலையைச் செய்து, விளையாட்டுகளிலும் தொலைவிலிருந்து கேமரா பார்ப்பதிலும் குழப்பும். பழைய பெட்டியை, இணைப்பை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது புதியதை, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் நிலையில் வையுங்கள். பழையதின் வைஃபையை அணைக்க மறக்க வேண்டாம், இரண்டும் காற்றில் சண்டை போடும்.

நான் கடைசியில் வாங்கியது 1800 என்று எழுதிய, இரண்டே அலைவரிசையுள்ள ஒரு வைஃபை 6 ரவுட்டர். போர்ட்கள் எல்லாம் 1000. மூலையிலிருந்து கேபிள் இழுத்து நடு அறைக்குக் கொண்டுவந்து வைத்தேன், டிவியையும் மேசைக் கணினியையும் கேபிளில் போட்டேன். நான் வேலை பார்க்கும் கடைசி அறையில் இப்போது 160 வருகிறது. வீடியோ அழைப்புக்கு அதில் நாற்பதில் ஒரு பங்கு இருந்தால் போதும்.